காத்து பிடித்தது பெண்ணுக்கு அல்ல, வண்டிக்கு

உ
அர்த்தநாரீசுவரர் துணை

வேலங்காட்டுப்புதூர்,
மல்லசமுத்திரம் வழி,
9-3-1986, ஞாயிறு.

பள்ளிபாளையம் உயர்திரு சின்னண்ணன் அவர்கள் சமூகத்துக்கு, ராசப்பன் வணங்கி எழுதிக்கொள்வது.

முதலில் ‘அன்புள்ள சம்பந்தி’ என்றுதான் தொடங்கினேன். தரகர் நேற்று வந்து சொல்லிவிட்டுப் போன சேதிக்குப் பிறகு அந்த வார்த்தைக்கு எனக்கு உரிமை உண்டா என்று சந்தேகம் வந்து அடித்துவிட்டேன். அடித்த இடம் அசிங்கமாக இருந்ததால் வேறு தாள் எடுத்தேன். இது நான்காவது தாள். இங்கு மனிதர்கள் சுகம், மாடு கன்று சுகம், குச்சிக்கிழங்கு சுமாராக வந்திருக்கிறது, வண்டிதான் சுகமில்லை. தாங்களும் அங்கம்மாள் அம்மையாரும் மாப்பிள்ளை அங்கமுத்துவும் பட்டறையில் தறிகளும் சுகமாக இருக்க ஈசனை வேண்டுகிறேன். மாப்பிள்ளை என்று கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். அதை இனி அடிப்பதற்கில்லை, வீட்டில் வேறு தாள் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை பெண் பார்க்க வந்த தாங்கள் பலகாரத்தைக்கூடத் தொடாமல் பாதியில் எழுந்து போன காரணம் நேற்று வரை எங்களுக்குத் தெரியாது. தரகர் வந்து, “ஏனுங்க, அவிய வேண்டாம்னுட்டாங்க. பொண்ணுக்குக் காத்து புடிச்சிருக்குதாமா. அந்தம்மா காதாலயும் கேட்டாங்களாமா, கண்ணாலயும் பாத்தாங்களாமா” என்றார். பேய் என்று வாய்விட்டுச் சொல்லக் கூசி நம் பக்கத்தில் காத்து என்கிறோம், அது தங்களுக்கும் தெரியும். என் மனைவி பாப்பாயி நேற்று உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. சின்னண்ணன் அவர்களே, காத்து உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது பிடித்தது என் மகள் சௌந்திரத்தை அல்ல. என் அம்பாசடர் காரை. எப்படியென்று விவரமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

அந்தக் காருக்கு டீசல் என்ஜின் மாற்றி நாலு வருஷம் ஆகிறது. செலவு குறைந்தது, உயிரும் குறைந்தது. ஐந்து பேர் ஏறினால் ஏற்றத்தில் முக்கும். போன வருஷம் சங்ககிரிப் பக்கத்து ஏற்றம் ஒன்றில் ஒரு கரும்பு வண்டி எங்களைத் தாண்டிப் போனது, அதுவும் மாட்டு வண்டி. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, “கயறு ஏதாச்சும் வேணுமுங்களா” என்று கேட்டார். அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அதை என் மகன் தங்கசாமியிடம் சொன்னது என் முதல் தப்பு. அவன் போர் போடும் ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசம் முழுக்க மூன்று வருஷம் சுற்றிவிட்டு இந்தத் தை மாதம்தான் ஊருக்குத் திரும்பினான். போன பிள்ளைகள் சேலை வாங்கி வருவார்கள், சுவர்க்கடிகாரம் வாங்கி வருவார்கள். இவன் ஒரு சாக்கு கொண்டுவந்தான். உள்ளே நத்தை மாதிரி சுருண்ட ஒரு இரும்புச் சாமான். துறைமுகத்தில் ஏலம் போன ஏதோ ஒரு ஜப்பான் காரில் இருந்ததாம், பெயர் டர்போவாம்.

அது என்ன செய்யும் என்று கேட்டேன். என்ஜின் வெளியே விடுகிற புகை அதில் ஒரு சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரத்தோடு சேர்ந்த இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து என்ஜினுக்குள் அமுக்கும். காற்று அதிகமானால் டீசல் நன்றாக எரியும், நன்றாக எரிந்தால் வண்டி பறக்கும், பறந்தால் புகை அதிகமாகும், புகை அதிகமானால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றும், சுற்றினால் காற்று இன்னும் அதிகமாகும் என்று சொல்லிக்கொண்டே போனான். “அப்ப இது எங்கடா நிக்கும்” என்றேன். “அதுதானுங்கப்பா பிரச்சன” என்றான். அங்கேயே சாக்கைக் கட்டி வைத்திருக்க வேண்டும். அதற்கும் ஒரு வழி இருக்கிறது என்றான். புகை சக்கரத்துக்குப் போகாமல் ஒதுங்கி வெளியேற ஒரு குட்டிக் கதவு, அதை ஸ்பிரிங் போட்டுச் சாத்தியிருக்கும். உள்ளே காற்று எட்டு பவுண்டு ஆனதும் ஒரு மெல்லிய டியூப் வழியாக வந்து கதவைத் தள்ளித் திறக்கும், புகை ஒதுங்கிப் போகும், சக்கரம் அடங்கும். எட்டுக்கு மேல் ஏறினால் என்ஜின் மண்டை பிளந்துகொள்ளுமாம். ஆக மொத்தம் எங்கள் குடும்பத்தின் உயிர் ஒரு குட்டிக் கதவில் இருந்தது, கதவின் உயிர் ஒரு டியூபில் இருந்தது. ஜப்பான் டியூப் இற்றுப்போயிருந்ததால் தங்கசாமி சைக்கிள் வால்வு டியூபைப் போட்டான்.

பஞ்சர் கடையில் வாங்கிய காற்று மீட்டரை முன்னால் பதித்து முதல் ஓட்டமாகச் சந்தைக்குப் போனோம். வண்டி கிளம்பியதும் ஊ என்று ஒரு ஊளை. நாய்கள் பதில் கொடுத்தன. சந்தை கண்ணில் படும்போது வால்வு டியூப் பட்டென்று வாயைப் பிளந்தது. டியூப் போனால் கதவுக்குச் சேதி போகாது, சேதி போகாவிட்டால் கதவு திறக்காது. மீட்டர் முள் எட்டைத் தாண்டி ஓடியது. சந்தையில் இறங்க வேண்டிய நான் ராசிபுரம் ரோட்டில் இறங்கினேன். என் தலைத்துண்டு மட்டும் சந்தையிலேயே இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, மூச்சு வாங்க, “காத்து ஏறிப்போச்சு புள்ள, அடக்க முடியல” என்று பாப்பாயியிடம் சொன்னது என் இரண்டாவது தப்பு.

அவள் ஊளையை ஏற்கெனவே கேட்டிருந்தாள். இப்போது என் வாயாலும் கேட்டுவிட்டாள். மறுநாள் முனியப்பன் கோயில் பூசாரி வந்து, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, பேனட்டின் மேல் வேப்பிலை அடித்து, ரேடியேட்டரில் தாயத்துக் கட்டினார். எது ஏறியிருக்கிறது என்று அவர் கேட்க, தங்கசாமி விவரம் தெரியாமல் “பன்னண்டு பவுண்டுங்க” என்றான். பூசாரி இன்னொரு சேவல் கேட்டார். அவர் சேவலோடு திரும்பும்போது வேலியோரத்தில் தரகர் எதிரில் வந்து, “என்னுங்க இந்தப் பக்கம்” என்று விசாரித்திருக்கிறார். “காத்துங்க” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். காருக்கு என்று இரண்டாவது வார்த்தையும் சொல்லியிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது.

பூசாரிக்கு அடங்காததால், டியூபில் வரும் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் தங்கசாமி ஒரு திருகு வைத்தான். வண்டிக்குள் உட்கார்ந்தபடியே கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தான். தங்கசாமிதான் வைத்தான், வேறு யாருமில்லை. அந்தத் திருகு எங்கள் பம்ப் ஸ்டவ்வில் காற்றைத் திறந்துவிடுகிற திருகு. அது காணாமல் போனது தாங்கள் வந்த புதன்கிழமை காலைதான் பாப்பாயிக்குத் தெரிந்தது. ஆகவே காப்பி விறகடுப்பில் வைக்க வேண்டியதாயிற்று. அங்கம்மாள் அம்மையாருக்குக் கண் எரிந்தது அந்தப் புகையில். டம்ளரை வாங்கும்போது சௌந்திரத்தின் விரல் நகத்தைப் பார்த்து அவர்கள் முகம் சுளித்ததை நானும் கவனித்தேன். அது அடுப்புக்கரி. கிரீஸ் அல்ல. கிரீஸ் என்று யாரும் சொல்லவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு ஸ்பானருக்கும் தோசைத் திருப்பிக்கும் வித்தியாசம் தெரியாது. அடுப்படி உண்டு, அவள் உண்டு.

இனி அம்மையார் காதால் கேட்டது. காப்பிக்குப் பிறகு மாப்பிள்ளை காற்றாட வெளியே போனார், தங்கசாமி கூடப் போனான். மாட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் கார் நிற்கிறது. இந்தப் பக்கம் அம்மையார் கை கழுவ வந்திருக்கிறார்கள். பேச்சு இப்படிப் போனது என்று தங்கசாமி ஒப்பித்தான்.

“ஏனுங்க, அதுக்கு என்னமோ காத்துன்னு பேசிக்கறாங்களே?”

“ஆமாங்க மாப்ள. தை மாசத்துல இருந்து. சும்மா இருக்கறப்ப ஒண்ணுந் தெரியாதுங்க, பசுவாட்ட நிக்கும். ஒரு மிதி மிதிச்சா ஏறிக்கும். ஏறுச்சுன்னா ஊன்னு கத்தும்.”

“ஊட்ல ஒண்ணும் பண்ணலீங்களா?”

“எங்கம்மா பூசாரிய வெச்சுப் பாத்தாங்க, கேக்கல. நாங்க ரெண்டு தடவ பிரிச்சு மாட்டிட்டோம்.”

“எவ்வளவு வரைக்குந் தாங்குமுங்க?”

“எட்டு. அதுக்கு மேல போச்சுன்னா மண்டை பொளந்துக்கும்.”

“பரவாயில்லீங்க. எனக்கு இதுதான் புடிச்சிருக்குது.”

நம் பக்கத்தில் வண்டியையும் அது என்கிறோம், வீட்டுப் பெண்பிள்ளையையும் அது என்கிறோம். இதில் யாரைக் குற்றம் சொல்வது? அம்மையார் இவ்வளவையும் கேட்டுவிட்டு, ஈரக்கையைக்கூடத் துடைக்காமல் உள்ளே வந்து “எந்திரிங்க” என்றார்கள். இன்னும் ஒரு மூச்சு நேரம் நின்றிருந்தால், “பேனட்டத் தூக்குங்க, பாக்கலாம்” என்று மாப்பிள்ளை சொன்னதும் காதில் விழுந்திருக்கும். அந்த ஒரு மூச்சுதான் என் மகளின் வாழ்க்கையில் குறுக்கே நிற்கிறது.

தாங்கள் கொண்டுவந்த தட்டையும் பூ பழத்தோடு திருப்பி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். பாப்பாயி வாசலில் நின்று, “போயி என்ன ஏதுன்னு கேட்டுட்டு வாங்க. இப்புடியே உட்டா அந்தப் புள்ள பேரு என்னாகறது” என்றாள். அதனால்தான் தங்களைத் துரத்திக்கொண்டு வந்தோம். தங்களை மிரட்ட வரவில்லை. ஓட்டியது தங்கசாமி. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளவும், பின்னால் தேவைப்படும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தங்கள் கார் தூரத்தில் தெரிந்ததும் வேகம் கூட்டினோம். மீட்டர் எட்டைத் தொட்டு ஒன்பதுக்கு நகர்ந்தது. எனக்குப் பயம். திருகோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. முப்பது வருஷமாக வீட்டில் ஸ்டவ்வைப் பார்க்கிறேன், திருகைத் தளர்த்தினால் உஸ்ஸென்று காற்று போய்த் தணியும். தளர்த்தினேன். இந்தத் திருகு அப்படியல்ல என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இதைத் தளர்த்தினால் கதவைத் தள்ளப் போகிற காற்று பாதி வழியில் ஒழுகிவிடுமாம். கதவு, எட்டு இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு சாத்தியே கிடக்குமாம். பத்து ஆனது. போதவில்லையென்று இன்னும் தளர்த்தினேன். பதின்மூன்று ஆனது. “ஐயோ அப்பா, அத முறுக்குங்க, முறுக்குங்க” என்று சௌந் தங்கசாமி கத்தினான். எழுத்துப்பிழைக்கு மன்னிக்கவும், தாள் இல்லை என்று முன்பே சொன்னேன். பதற்றத்தில் எந்தப் பக்கம் முறுக்குவது என்று தெரியாமல் நான் திருக, திருகு கழன்று கையோடு வந்துவிட்டது.

தங்களைத் தாண்டும்போது மரியாதைக்காகக் கைகூப்பினேன். தாங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், நேரம் போதவில்லை. தாண்டி ஒரு பர்லாங்கு போனதும் டர்போவில் ஆயில் சீல் போய், என்ஜின் தன் ஆயிலைத் தானே குடிக்க ஆரம்பித்துவிட்டது. பிரேக் போட்டு வண்டியை நிறுத்தியாயிற்று. சாவியை எடுத்து நான் கையில் வைத்திருக்கிறேன். நிறுத்தும் கம்பியையும் இழுத்தாயிற்று. என்ஜின் மட்டும் நிற்கவில்லை, நீலப் புகை விட்டுக்கொண்டு ஊ என்று கத்துகிறது. அந்த நேரத்தில் எனக்கே பூசாரி ஞாபகம்தான் வந்தது. காற்று இழுக்கும் குழாயை அடைத்தால்தான் நிற்குமாம். என் துண்டைக் கொடுத்தேன், குழாய் அதை விழுங்கிவிட்டது. வேட்டியைக் கொடுத்தேன், பாதி விழுங்கியது. தாங்கள் வந்து சேரும்போது நான் பட்டாபட்டி டிராயரோடு நடுரோட்டில் நின்றது இதனால்தான். அந்தக் கோலத்தில் தங்களை வரவேற்றதற்கு வெட்கப்படுகிறேன். அந்த நேரத்தில் தங்கள் மகன் காரிலிருந்து குதித்து, தட்டிலிருந்த பூவையும் பழத்தையும் ரோட்டில் கொட்டிவிட்டு ஓடி வந்து தட்டைத் தங்கசாமியிடம் நீட்ட, அவன் அதைக் குழாய் வாயில் வைத்து அமுக்கினான். தட்டு இழுத்து ஒட்டிக்கொண்டது, என்ஜின் மூச்சு முட்டி நின்றது. அந்தச் சமயோசிதம் யாருக்கு வரும்? அதற்குள் அம்மையார் காரிலிருந்து கத்தி அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். தட்டு எங்களிடமே நின்றுவிட்டது.

தலைவிரி கோலமாக, முகமெல்லாம் கரியாக, ஊளையிட்டுக்கொண்டு பெண்ணே பறந்து வந்ததைக் கண்ணால் கண்டதாக அம்மையார் சொல்கிறார்களாம். அது பெண் அல்ல, தங்கசாமி. மத்தியப் பிரதேசத்திலிருந்து அவன் டர்போவோடு ஹிப்பி முடியும் கொண்டுவந்தான். அரக்குக் கலர் சேலை என்று அவர்கள் நினைத்தது எங்கள் சீட்டு உறை. ஊளை என்ஜினுடையது. சௌந்திரம் அந்த நேரத்தில் வீட்டில் சாமி விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். அர்த்தநாரீசுவரர் மேல் ஆணையிட்டுச் சொல்லலாம் என்று பார்த்தேன், பாப்பாயி வேண்டாம் என்றாள்.

அந்தச் சனியனை அன்றைக்கே கழற்றிச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். இனி எங்கள் காரை எந்த மாட்டு வண்டியும் தாண்டலாம். தாங்கள் கோபித்துக்கொள்வதானால் என்னைக் கோபித்துக்கொள்ளுங்கள். ஸ்டவ் திருகையும் கார்த் திருகையும் ஒன்றென்று நினைத்தவன் நான். இருபத்திரண்டு வயதுப் பெண் பேரில் காத்து என்கிற சொல் ஒருதரம் ஒட்டிக்கொண்டால், இங்கிருந்து ஆத்தூர் வரைக்கும் எந்த வீட்டிலிருந்தும் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். இதை நினைத்து நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சம்பந்தம் வேண்டாம் என்றால்கூடச் சரி, அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அம்மையாருக்கு என் வணக்கத்தையும் பாப்பாயியின் வணக்கத்தையும் சொல்லவும். அங்கமுத்துவுக்கு எங்கள் ஆசிகள். தங்கள் தறிகளில் நூல் அறாமல் ஓடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கு வழி பார்த்திருக்கும்
ராசப்பன்

பி.கு: திங்கட்கிழமை காலை. உறையை ஒட்டச் சோற்றுப்பருக்கை கேட்டேன். கொண்டுவந்த சௌந்திரம் கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். படித்து முடித்துவிட்டு, “இது யாரப் பத்திங்கப்பா எழுதியிருக்கறீங்க? இந்தப் புள்ளைய எனக்குத் தெரியாதே” என்றாள். “இந்தப் பொய்யச் சொல்லிக் கட்டிக் குடுத்தா, அங்க போயி ஆயுசு பூரா இதையே நான் ஓட்டிக்கிட்டிருக்கோணும். அதுக்கு அந்த வண்டியே தேவலீங்கப்பா. உண்மைய எழுதுனாத்தான் பருக்கை” என்று கையை மூடிக்கொண்டாள். ஆகவே மேலே கண்டதில் சிலவற்றை மாற்றிப் படித்துக்கொள்ளவும். ஓட்டியது சௌந்திரம். தங்கசாமி பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான். நகத்தில் இருந்தது கிரீஸ். மூன்று வருஷம் ரிக்கில் இருந்தவனுக்கு விளங்காத அந்தத் திருகு வேலையைக் கண்டுபிடித்ததும், ஸ்டவ்விலிருந்து கழற்றி வைத்ததும் அவள்தான். முடி அவளுடையது. சேலை சேலைதான்.

டர்போ பரணில் இருப்பதாக எழுதியதையும் அடித்துவிடவும். காலையில் பார்த்தேன், பரணில் சாக்கு மட்டும் இருக்கிறது. தங்கள் மகன் அங்கமுத்து சேலத்துக்கு நூல் எடுக்கப் போவதாகத் தங்களிடம் சொல்லியிருப்பார். நூல் எடுக்கவில்லை. தட்டை வாங்கிப்போக வந்தேன் என்று ஏழு மணி பஸ்ஸில் இங்கே வந்து இறங்கினார். பையில் ஈரோட்டில் தேடி வாங்கிய புது ஆயில் சீல் இருந்தது. இப்போது அவர் வண்டிக்கு அடியில் இருக்கிறார், தலைமாட்டில் அவள் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறாள். எட்டுப் பவுண்டுதான் என்கிறாள் அவள், பத்து வைக்கலாம் என்கிறார் அவர். இரண்டு பவுண்டுக்காக அவர் வந்ததிலிருந்து சண்டை, இருவரும் விட்டுக்கொடுக்கிறபாடாக இல்லை. காத்து வண்டிக்கா பெண்ணுக்கா என்று இப்போது கேட்டால் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. எதுவானாலும் தங்கள் பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தட்டைப் பற்றி அவர் இன்னும் பேச்செடுக்கவில்லை. அதன் நடுவில் குழி விழுந்திருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது. புதன்கிழமை அது தங்கசாமியின் கைக்குப் போகவில்லை. தங்கள் மகன் கையிலிருந்து நேராக என் மகள் கைக்குப் போனது. தாங்களும் அம்மையாரும் காரில் உட்கார்ந்து பார்த்தீர்கள், நானும் நின்று பார்த்தேன். நான் நின்ற கோலத்தை மட்டும் தள்ளிவிட்டால், இரண்டு வீட்டுப் பெரியவர்கள் முன்னிலையில் தட்டு மாற்றியாகிவிட்டது. ஆகவே முதல் தாளில் அடித்த வார்த்தையை இங்கே மறுபடி எழுதுகிறேன். சம்பந்தி, நாள் பாருங்கள்.